ஓர் அங்குலத் துண்டுகள்

காய்களை ஓவனில் வாட்டுவதற்குப் பெரிய கைத்திறன் ஒன்றும் வேண்டாம். கழுவிய பிறகு ஈரத்தைத் துடைத்தால் போதும். அதைக்கூடச் செய்யாமல் தட்டில் கொட்டிவிட்டு, காய் குழைந்துபோனதும் அடுப்பின் மேல் பழி போடுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். நான் ஒவ்வொரு துண்டாகத் துணியில் ஒற்றி எடுப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், இரண்டு வெங்காயம். எண்ணெய், உப்பு, மிளகு. இருநூறு டிகிரி.

நீங்கள் கேட்டது என் மாமனாரைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

அவர் தையல்காரர். நாற்பது வருடம் ஒரே கடை. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன; என் மனைவி அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு எல்லாரையும் பிடிக்கும். காபி சூடாக இருந்தாலும் "அருமை", ஆறிப்போயிருந்தாலும் "அருமை". எதைக் கொடுத்தாலும் பாராட்டுகிற மனிதனுக்கு எதிலும் ருசி தெரியாது என்று அர்த்தம். ஆனால் அதற்குத்தான் ஊர் மயங்குகிறது. உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் படித்துக் காட்ட வருவார். என் மனைவி பதினான்கு வருடமாக என் கேள்விகளுக்கு "ம்" என்று பதில் சொல்கிறவள். அப்பாவின் அறையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்கும். நான் எட்டிப் பார்த்தால் அவர், "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பார். என் வீட்டில் என்னை உட்காரச் சொல்வார்.

விழுங்கும் தசை பலவீனமாகிவிட்டது, எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாயோரம் வழிய வழியச் சாப்பிடுவார். அந்த நிலையிலும் "அருமை". ஒரு மனிதனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

அன்று மாலை மனைவியின் அலுவலகத்தில் பிரிவுபசாரக் கூட்டம். ஐந்து மணிக்குக் கிளம்பும்போது சொன்னாள்:

"அப்பாவுக்குக் கிண்ணத்துல மசிச்சு வச்சிருக்கேன். சூடு பண்ணி மட்டும் குடுங்க. சாப்பிடறப்ப பேச்சுக் குடுக்காதீங்க, சிரிச்சாருன்னா புரையேறிடும்." செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்ககிட்ட அதைச் சொல்லவே வேண்டாம், இல்ல?" என்றாள்.

நான் கிண்ணத்தைத் தொடவில்லை. காய்களை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கினேன். வழக்கமாக முக்கால் மணி நேரம் வைப்பேன். அன்று இருபத்தைந்து நிமிடம். மேலே பொன்னிறம், உள்ளே விறைப்பு. ஏழு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து மேஜையில் அமர்த்தினேன். துண்டு கட்டவில்லை. பெரிய மனிதருக்குப் பெரிய மனிதர் சாப்பாடு போட்டேன். அது மரியாதை என்றே இன்றும் நினைக்கிறேன்.

தட்டைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"எனக்கா மாப்பிள்ளை? அவ திட்டப்போறா."

"அவ வர்றதுக்குள்ள சாப்பிட்டுருங்க மாமா."

இடது கையால் முள்கரண்டியைப் பிடித்து ஒரு கேரட்டை எடுத்தார். மெல்லக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாயிலேயே வைத்திருந்தார். இரண்டாவதாக உருளைக்கிழங்கையும் போட்டுக்கொண்டார். அப்போதுதான் நான் அவரிடம் முதல்முறையாக ஒரு நகைச்சுவை சொன்னேன்.

"நாப்பது வருஷம் ஊரார் இடுப்பை அளந்தீங்களே மாமா, ஒருத்தராவது நிஜ அளவை ஒத்துக்கிட்டாங்களா?"

சுமாரான நகைச்சுவைதான். ஆனால் சொன்னது நான். அந்தச் சந்தோஷத்திலேயே அவர் சிரித்தார்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி. தொண்டை அடைத்தவனுக்கு என்ன செய்வது என்று பத்தொன்பது வருடமாக வகுப்பெடுக்கிறேன். பின்னால் போய் நில், தொப்புளுக்கு மேல் முஷ்டியை வை, உள்ளுக்கும் மேலுக்குமாக இழு. எந்த மடையனுக்கும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடுவேன். உணவுக்கூடத்தில் இரண்டு பேரை நானே காப்பாற்றியிருக்கிறேன். அவர்களை எனக்குப் பிடித்தும் இருக்கவில்லை.

மாமனார் என் பக்கம் கையை நீட்டினார். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்துவிடும் போலிருந்தது; அதை நகர்த்தி வைத்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். மூச்சு அடைத்தால் நான்கு நிமிடம்தான் கெடு என்று வகுப்பில் சொல்வேன். ஒன்பது நிமிடம் விட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் வருவதற்குள் என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். ஆறினால் காய் தோல் போலாகிவிடும்.

இதை நீங்களாகக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். ஸ்டேஷனிலிருந்து உங்கள் ஆட்கள் வந்து, தட்டைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நேற்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் என் மனைவி சொல்வதைக் கேட்டேன். "அவரைக் குத்தம் சொல்லாதீங்க. அவருக்கு அவ்வளவு விவரம் பத்தாது. ஆசையா செஞ்சு குடுத்திருக்கார், பாவம்." அவர்கள் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?" பதினான்கு வருடத்தில் அவள் தானாக என் கையைப் பிடித்தது அதுதான். ஒரு முட்டாளின் கையைப் பிடிப்பது போலப் பிடித்தாள்.

உங்கள் அறிக்கையில் 'கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று இருக்கிறது. என் பணிக் காலத்தில் என் பேருக்கு எதிரே அந்தச் சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. அதை அடித்துவிட்டு, 'தெரிந்தே, திட்டமிட்டு' என்று எழுதுங்கள். துண்டின் அளவையும் நிமிடக் கணக்கையும் விடாமல் சேருங்கள். எழுதியதை அவளுக்கு ஒருமுறை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அப்புறம் பாருங்கள், அவளுக்கு என்மேல் ஒரு மரியாதை வரும்.