இரண்டாம் வண்டியின் விசிறி

பழுதான பொருளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. தீயணைப்பு நிலைய மெக்கானிக்குக்கு அது நல்ல குணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

எங்களிடம் இரண்டு வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு புகை விசிறி. எரியும் கட்டடத்தின் வாசலில் வைத்து ஓடவிட்டால் காற்று உள்ளே பாய்ந்து, புகையைப் பின்பக்க ஜன்னல் வழியே தள்ளும். உள்ளே போனவர்களுக்கு வழி தெரியும். நடுவில் நின்றுவிட்டால் புகை திரும்பி வந்து அவர்களை மூடிக்கொள்ளும்.

முதல் வண்டியின் விசிறி சூடானால் நின்றுவிடும். காலைச் சோதனையில் இது தெரியாது. முற்றத்தில் வைத்துப் போடுவோம். சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவோம். அதிகாரியிடம் சொன்னேன். புதிது வரும்வரை சமாளிக்கச் சொன்னார்.

முதல் வண்டியில் போவது என் மருமகன். மகளுக்கு அது நிறைமாதம்.

இரண்டாம் வண்டியில் முதலில் உள்ளே நுழைபவனை ஒட்டடைக்குச்சி என்பார்கள். அவ்வளவு உயரம். தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. யார் போனால் இழப்பு குறைவு என்று நிதானமாக யோசித்தேன். பிறகு விசிறிகளை மாற்றினேன். மேலே இருந்த வண்டி எண்களைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதினேன்.

ஒரு கடை எரிந்தபோது விசிறி திணறியிருக்கிறது. அவன் பட்டறைக்கு வந்தான்.

“பெரியப்பா, சூடானா நின்னுடும் போல இருக்கே. பாத்தீங்களா?”

“பாத்துட்டேன். ஓடும்.”

“நீங்க சொன்னா சரி. நான் போயிட்டா தங்கச்சி சமையலக் குறை சொல்ல வேற ஆளு கிடையாது.”

மெத்தைக் கிடங்கில் விசிறி நின்றது. அவன் வாசலுக்கு எதிர்ப்பக்கம் சுவரைத் தடவிக்கொண்டே போயிருக்கிறான். முதுகுச் சிலிண்டரில் காற்று தீர்ந்திருந்தது. வெளியே தூக்கி வந்தது என் மருமகன்தான். முகமூடியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதான்.

விசிறியை வைத்த கோணம் தவறு என்று முதல் விசாரணையில் சொன்னேன். நம்பினார்கள். மகள் இன்றைக்கும் கை தவறி அவனுக்கும் சேர்த்தே சமைத்துவிடுகிறாள். மீதியை யாரும் தொடுவதில்லை.

நின்றுவிடும் என்று தெரிந்தேதான் அவன் வண்டியில் வைத்தேன். இதை மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கென்று யாரும் இல்லை என்பதையும் நீங்கள் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.