முந்நூறாவது கழுத்து

என் கைகள் எப்போதும் கதகதப்பாக இருக்கும். நோயாளிகள் முதலில் பாராட்டுவது அதைத்தான். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்டியோபதி பார்க்கிறேன், இன்ஸ்பெக்டர். மருந்தில்லை, கத்தியில்லை, கையாலேயே கழுத்தையும் முதுகையும் சரிசெய்யும் தொழில். காலையில் கிளினிக், மதியம் பல்கலைக்கழகத்தில் பாடம், மீதி நேரம் ஆராய்ச்சி. கழுத்தைச் சொடுக்கியபின் எதையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருவதே நான்தான். தலைசுற்றல், பேச்சுக் குழறல், வாய் கோணுதல். ஒன்றை மறந்தாலும் ஃபெயில் போட்டுவிடுவேன்.

என் ஆராய்ச்சியின் கேள்வி எளிமையானது: கழுத்தைச் சொடுக்குவது ஆபத்தா? மொத்தம் முந்நூறு பேர். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் நன்றாக எழுந்துபோனார்கள். பாதிப்பு பூஜ்யம். அந்தப் பூஜ்யம் அப்படியே நின்றால் எனக்குப் பேராசிரியர் பதவி. பேராசிரியருக்குக் கார் நிறுத்தத் தனி இடம். எங்கள் பல்கலைக்கழகத்தில் அறிவு கிடைத்துவிடும், அந்த இடம் கிடைக்காது.

முந்நூறாவது ஆள் டோரீன் பார்ஜெட்டர். ஐம்பத்தெட்டு வயது. ஞாயிறுதோறும் தேவாலய மணிக்கயிறு இழுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

"பாத்து பண்ணுங்க டாக்டர். வீட்டுக்காரர திரும்பிப் பாத்து முறைக்க எனக்கு வேற கழுத்து இல்ல," என்றார்.

சிரித்தோம். சொடுக்கினேன்.

எழுந்தவர் ஷூவை மாட்ட மூன்று முறை முயன்றார். கால் கிடைக்கவில்லை. "ரூம்... சுத்துது," என்றார். சொற்கள் நனைந்த துணிபோல் வந்தன.

வரவேற்பறை கிளென்டா எட்டிப் பார்த்தாள். "ஹ்யூகோ, அவங்க வாய் ஒரு பக்கமா இழுக்குதே. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"நீ எப்ப டாக்டரானே கிளென்டா? காத்து பட்டா சரியாயிடும்."

"நான் ஆகல. நீங்க ஆயிட்டீங்களேன்னுதான் கேக்குறேன்."

இங்கே ஆராய்ச்சியின் விதியைச் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குள் நடந்தால் அது பாதிப்பு. வெளியே நடந்தால், மறுநாள் நாங்கள் போன் செய்யும்போது அவரே வாய்திறந்து சொல்ல வேண்டும். மூன்று முறை அழைத்தும் எடுக்காதவர் 'தொடர்பில் இல்லை' என்று பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார். விதியை எழுதியதும் நான்தான். நெறிமுறைக் குழு பிஸ்கட் தின்றுகொண்டே ஒப்புக்கொண்டது.

ஆகவே டோரீனைக் கைத்தாங்கலாகப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். தூறலாக இருந்தது, குடையை அவர் பக்கமே பிடித்தேன். பேருந்து வந்ததும் டிரைவரிடம், "முன் சீட்ல உக்கார வச்சுக்குங்க, லேசா களைப்பு" என்றேன். டோரீன் என் சட்டைக்கையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன். வலிக்காமல்தான்.

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுப்பியிருக்கிறார், எழவில்லை. கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து மூளைக்கு ரத்தம் போகவில்லை, நினைவே இல்லை என்று அவர் கணவர் அன்று மாலையே போனில் சொன்னார். ஆறுதல் சொன்னேன். நான்காம் நாள் டோரீன் இறந்துவிட்டார். கட்டுரை வெளியானது: இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர், பாதிப்பு பூஜ்யம். கிளென்டா உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு ஆராய்ச்சி புரியாது.

ஆனால் அலட்சியம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மறுநாள் காலை டோரீனின் செல்போனுக்கு நானேதான் அழைத்தேன், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் மணி அடித்து ஓயும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன். அவர் எடுக்கமாட்டார் என்று நன்றாகத் தெரிந்தும், வேறு யார் இவ்வளவு அக்கறை காட்டியிருப்பார்கள்?