மூணாவது ரப்பர்

மீனலோசனி: ...இது மூணாவது ரப்பர், அம்புரோஸ். மூணாவது. காரோட பின்பக்க பூட்ட தொறந்து நீங்களே பாருங்க. ஸ்பேர் டயர் வைக்கிற குழியில மீன் வளக்கலாம்.

அம்புரோஸ்: பாக்கறேன் டீச்சர். நேத்து பிரிக்பீல்ட்ஸ் பூரா தண்ணி. அப்படி ஒரு மழை...

மீனலோசனி: மழைமேல பழி போடாதீங்க. பக்கத்து வீட்டு வேலாயுதம் காரும் அதே மழையிலதான் நின்னுச்சு. அவரு பூட்ல ஒரு சொட்டு இல்ல.

அம்புரோஸ்: அவரோடது பழைய மாடல், பின்கதவு சின்னது. உங்களோடது ஹேட்ச்பேக். கூரையிலேர்ந்து பம்பர் வரைக்கும் தொறக்கிற கதவு. சுத்தியிருக்கிற ரப்பர் கொஞ்சம் விலகினாலும்...

மீனலோசனி: இதையேதான் ஜூன்ல சொன்னீங்க. ஆகஸ்ட்ல சொன்னீங்க. போன மாசமும் சொன்னீங்க. எண்பத்தேழுல வாங்கின வண்டி, ரெண்டரை வருஷம் ஆகல.

அம்புரோஸ்: உக்காருங்க லா டீச்சர். பால் போடாம ஒரு தே-ஓ சொல்லட்டுமா?

மீனலோசனி: ஒண்ணும் வேணாம். திங்கக்கிழமை என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? ஃபார்ம் டூ பிள்ளைங்களோட வருஷக் கடைசி பரீட்சைத் தாளு. நாப்பத்திரெண்டு கட்டுரை. வீட்டுல வச்சுத் திருத்தலாம்னு பூட்ல போட்டேன். வழியில மழை. இறங்கி எடுத்தா பை பூரா தண்ணி. தாளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சா கிழியுது.

அம்புரோஸ்: ஐயோ...

மீனலோசனி: மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாடி போய் நின்னேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். நேத்து வேலைக்கு வந்தவ மாதிரி நிக்க வச்சு, பரீட்சைத் தாள வைக்கிற இடமா அதுன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? எங்க மெக்கானிக் ரப்பர் மாத்திட்டாருன்னா?

அம்புரோஸ்: என் பேரச் சொல்லியிருக்கலாம் டீச்சர்.

மீனலோசனி: நேத்து பிள்ளைங்கள திரும்ப உக்கார வச்சு எழுதச் சொன்னேன். தனலெட்சுமின்னு ஒரு பொண்ணு, கம்போங் மேடான்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றவ. மொத தடவ அஞ்சு பக்கம் எழுதியிருந்தா. நேத்து அரைப் பக்கத்தோட பேனாவ வச்சிட்டா. ஏம்மான்னு கேட்டேன். அது மாதிரி இன்னொரு தடவ வராது டீச்சர்ங்கிறா. அவளுக்கு நீங்க வந்து பதில் சொல்லுங்க.

அம்புரோஸ்: தப்புதான் டீச்சர். வண்டிய விட்டுட்டுப் போங்க. சாயந்திரத்துக்குள்ள புது ரப்பர்...

மீனலோசனி: இன்னொரு ரப்பரா? வேணவே வேணாம். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். அந்த ஹோஸ எடுங்க.

அம்புரோஸ்: இப்பவா?

மீனலோசனி: இப்பவேதான். டார்ச்ச எடுத்துக்கிட்டு நீங்க பூட்டுக்குள்ள படுங்க. நான் கதவ சாத்திட்டு வெளியேர்ந்து தண்ணி அடிக்கிறேன்.

அம்புரோஸ்: உங்க சேலை நனைஞ்சிடும் டீச்சர்...

மீனலோசனி: நனையட்டும். ஏறுங்க.

அம்புரோஸ்: ...சரி. மெதுவா சாத்துங்க. கை இருக்கு.

மீனலோசனி: சாத்திட்டேன். மேல அடிக்கிறேன். என்ன தெரியுது?

அம்புரோஸ்: மேல காஞ்சுதான் இருக்கு.

மீனலோசனி: வலது பக்கம்?

அம்புரோஸ்: இங்கயும் ஒண்ணும் இல்ல.

மீனலோசனி: இப்ப இடது பக்கம்... என்ன, சத்தத்தையே காணோம்?

அம்புரோஸ்: பாத்தாச்சு டீச்சர். தண்ணிய நிறுத்துங்க.

மீனலோசனி: வருதா?

அம்புரோஸ்: வருது... நிறுத்துங்க லா, சட்டையெல்லாம் போச்சு.

மீனலோசனி: எதனால வருதுன்னு சொல்லுங்க. அப்புறம் நிறுத்துறேன்.

அம்புரோஸ்: ரப்பர்ல குத்தமில்ல. ரப்பர் உக்கார்ற தகரம்... இடது ஓரத்துல உள்வாங்கியிருக்கு. எத்தனை ரப்பர் போட்டாலும் அங்க ஒரு விரல் சந்து இருக்கத்தான் செய்யும்.

மீனலோசனி: தகரம் தானா உள்வாங்குமா?

அம்புரோஸ்: எதுலயாவது இடிபட்டா...

மீனலோசனி: யாரு இடிச்சது? எங்க வீட்டு சார் முப்பது வருஷமா வண்டி ஓட்டறாரு, ஒரு கீறல் கிடையாது. நானும் எங்கயும்... அம்புரோஸ். இந்த எடத்துல மட்டும் பெயின்ட் வேற மாதிரி இருக்கு. தட்டி, பள்ளத்துல புட்டி பூசி, மேல அடிச்சிருக்கு. இது யாரு செஞ்ச வேலை?

அம்புரோஸ்: தண்ணிய நிறுத்துங்க. சொல்றேன்.

மீனலோசனி: நிறுத்தியாச்சு. கதவையும் தொறந்தாச்சு. இறங்கிச் சொல்லுங்க.

அம்புரோஸ்: ...நான்தான் செஞ்சேன்.

மீனலோசனி: நீங்களா?

அம்புரோஸ்: மார்ச் மாசம். உங்க வீட்டுக்காரரு, சிவசம்பு சார், கிள்ளான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருக்காரு. ரிவர்ஸ் எடுக்கறப்போ ஒரு சிமெண்ட் தூண்ல இடிச்சிட்டாரு. அங்கேர்ந்து நேரா இங்க வந்தாரு. ஸ்கூல் விட்டு டீச்சர் வர்றதுக்குள்ள சரிபண்ணிக் குடுத்துடு, அவளுக்குத் தெரிய வேணாம்னாரு. அந்த அரை நாள்ல தட்டி பெயின்ட் அடிக்கத்தான் முடிஞ்சுது. தகரத்த இழுத்து ஒழுங்கா நிமித்தணும்னா ஒரு வாரம் ஆகும்.

மீனலோசனி: தூண்ல இடிச்சத மறைக்கவா இத்தனை மாசமா எனக்கு ரப்பர் மாத்திக்கிட்டிருந்தீங்க?

அம்புரோஸ்: தூணு மட்டும்னா நானே சொல்லியிருப்பேன். பக்கத்துல பூ விக்கிற அம்மா ஒருத்தங்க உக்காந்திருந்தாங்களாம். அரை அடி தள்ளி... தூணும் தெரியல, அந்தம்மாவும் தெரியலன்னாரு சார். இடது கண்ணுல பாதி இருட்டாம்.

மீனலோசனி: அதக் கேட்டுட்டு சாவிய அவரு கையில குடுத்து அனுப்பிட்டீங்க.

அம்புரோஸ்: இல்ல டீச்சர். அன்னிக்கு உங்க வீட்டுக்கு நான்தான் ஓட்டிட்டு வந்தேன். கண் டாக்டர்கிட்ட போகலன்னா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்னும் மிரட்டினேன். போனாரு.

மீனலோசனி: டாக்டர் என்ன சொன்னாராம்?

அம்புரோஸ்: இனிமே வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாராம். ஒரு மாசத்துல நானே அவகிட்ட சொல்றேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதன்னாரு. மாதா மேல சத்தியம் வாங்கிக்கிட்டாரு.

மீனலோசனி: ஒரு மாசம். இப்ப நவம்பர். அந்தப் பூக்காரம்மா உக்காந்திருந்த எடத்துல உங்க சம்சாரம் மகதலேனா உக்காந்திருந்தா? அப்பவும் சத்தியத்தக் காப்பாத்தியிருப்பீங்களா?

அம்புரோஸ்: ...கேக்க வேண்டிய கேள்விதான்.

மீனலோசனி: சாவி இந்தாங்க. தகரத்த நிமித்துங்க.

அம்புரோஸ்: அடுத்த வாரம் கைல குடுத்துடுறேன்.

மீனலோசனி: அடுத்த வாரம் வேணாம். ஸ்கூல் தொறக்கிற அன்னிக்குக் குடுங்க. சார் வந்து கேட்டா, சாமான் இன்னும் வரலன்னு சொல்லுங்க.

அம்புரோஸ்: இன்னொரு பொய்யா டீச்சர்? அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. வீட்டுக்குப் போய் நேராவே கேட்டுடுங்களேன்.

மீனலோசனி: எனக்குத் தெரியாம இருந்தது அந்தத் தூணும் பூக்காரம்மாவும்தான், அம்புரோஸ். டாக்டர் லெட்டர ஏப்ரல்லயே படிச்சிட்டேன். அலமாரியில சட்டைக்கு அடியில வச்சிருந்தாரு. அவரா வாயத் தொறந்து சொல்லட்டும்னு, இருந்த மடிப்புலயே திருப்பி வச்சேன். மறுநாளே மினி பஸ்ஸ விட்டுட்டேன். தினமும் அவரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி சாவிய எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு நானே ஓட்டிட்டுப் போயிடுறேன். இந்த வயசுல இவளுக்குக் கார் ஆசை வந்துடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறாரு... வெள்ளிக்கிழமையோட ஸ்கூல் லீவு. அதுக்கப்புறம் சாவிய எடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்ல.