சீனாவில் மூடிய படிப்பு

விளாத்திகுளம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு அப்பாவும் மகளும். கோவில்பட்டியில் படித்த நர்சிங் படிப்பை நிறுத்தி அவளை ஊருக்கு அழைத்துப் போகிறார். அவள் மடியில் விடுதிப் பெட்டி.

"சீனாவுல நர்ஸ் டிகிரிப் படிப்ப முப்பது வருஷம் மூடி வச்சிருந்தாவ, தெரியுமாப்பா?" என்றாள் திடீரென்று.

"சீனாக்காரன் மூடுனா எனக்கு என்னட்டி? கண்டவன் புண்ணத் தொடுத வேல வேண்டாம்னு மாப்ள வீட்டுல சொல்லுதாவ."

"ஒங்க கால் புண்ண ஒரு மாசம் நான்தான தொடச்சுக் கட்டுனேன்? அப்ப இனிச்சுதோ?"

"அது வீட்டுக்குள்ள."

"சீனாவுல பொறவு தொறந்துட்டாவ. நீங்க மூடுனா எனக்கு யாரு தொறப்பா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டயபுரத்தில் பஸ் நின்றதும் அவள் பெட்டியோடு எழுந்தாள்.

"ஏட்டி, நம்ம ஊரு இன்னும் வரல."

"தெரியும்" என்று இறங்கி, எதிரே நின்ற கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினாள்.