வெளிநாட்டு இறாலும் உள்ளூர் வள்ளமும்

மூதூர் போகும் லாஞ்சுப் படகுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற மீனவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்:

"அடுத்த பிறவியில வெளிநாட்டானாப் பிறக்கவேணும் மச்சான்."

"ஏன்?"

"சண்டையில இறால் பண்ணை எரிஞ்சதுக்கு ஒரு வெளிநாட்டுக் கொம்பனி எங்கட அரசாங்கத்தையே நட்டஈடு கேட்டு வெளிநாட்டில வழக்குக்கு இழுத்திருக்காம். அவங்கட முதலுக்குப் பாதுகாப்புக் குடுக்கவேணுமெண்டு ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்காம். என்ர வள்ளமும் சண்டையிலதானே எரிஞ்சது?"

கூட்டாளி சிரித்தார். "நீ உள்ளூர்க்காரன். உனக்குக் கிராம சேவகர்தான் உலக நீதிமன்றம்."

"நட்டஈடு கேட்டு அவரிட்ட மூண்டு தரம் போனனான். வள்ளத்தின்ர லைசன்ஸைக் கொண்டு வரட்டாம். நேவி கேட்டாக் காட்டவெண்டு அதை வள்ளத்துக்குள்ளதானே வச்சிருந்தனான்!"

"வள்ளத்தை லண்டன் மருமகன்ர பேரில எழுதியிருக்கலாமே. அவர் இப்ப வெளிநாட்டான்தானே?"

வரிசை நகர்ந்தது. மீனவர் பையைத் தூக்கிக்கொண்டார்.

"எழுதியிருப்பன். ஆனா அவரை அங்க இன்னும் அகதியாக்கூட ஏற்கேல்லை."