அருணாச்சலம் சொன்னதும் நான் மாற்றிச் சொன்னதும்

என் பெயர் ருக்கையா, வயது 47, கணவர் காலஞ்சென்ற முகம்மது மீரான். புனே கட்கியில் குடியிருக்கிறேன். தளேகாவுக்கு அப்பால் உள்ள எங்கள் செங்கல் சூளையை ஆறு வருடமாக நானே நடத்தி வருகிறேன். மேற்படி சூளை சரிந்து லாரி டிரைவர் முகமது ரஃபீக் இறந்த வழக்கில் என்னை யாரும் இன்று அழைக்கவில்லை, நானாக வந்து சொல்கிறேன்.

கல்லூரியில் கட்டுமானப் பாடம் நடத்தும் ஹெலினா டீச்சர் எங்கள் தெருக்காரர், தமிழ் பேசுகிறவர். களிமண்ணில் காகித ஆலைக் கழிவைக் கலந்தால் கல் லேசாகவும் இருக்கும், பாரமும் தாங்கும் என்று சொல்லி, முதலில் ஐநூறு கல் சுட்டுக் காட்டினார். அந்தக் கழிவு சூளைக்குள் தானே எரியும், ஆகையால் கல் வரிசைகளுக்கு இடையே போடும் கரித்தூளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று எனக்கும் சூளை மேஸ்திரி அருணாச்சலத்துக்கும் இரண்டு முறை சொன்னார். ஐநூறு கல்லும் சோதனையில் தேறின. ஆனால் நான் இரண்டு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தபோது கணீரென்று கேட்கவில்லை, மொத்தென்று கேட்டது. உள்ளே நுண்துளை உள்ள கல் அப்படித்தான் ஒலிக்கும் என்று டீச்சர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் தொழிலில் வாங்க வருகிறவன் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை, கல்லைத் தட்டித்தான் பார்ப்பான். வேகாத கல் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான் என்று பயந்தேன்.

அதன் பிறகு சென்ற மாதம் அதே கலவைக் கல்லைப் பெரிய சூளையாக அடுக்கும்போது, கல் நன்றாக வெந்து கணீரென்று கேட்கட்டும் என்று கரித்தூளை வழக்கம்போல் முழுசாகப் போடச் சொன்னேன். அருணாச்சலம், "டீச்சர் பாதிதானக்கா சொன்னாங்க, வேணாங்க்கா" என்றார். நான், "சூளை டீச்சருக்கா எனக்காய்யா? சொல்லுதத போடு" என்று சத்தம் போட்டேன். அதன் பிறகு அவர் முழுசாகவே போட்டார்.

அதன் பிறகு தீ மூட்டிய நான்காம் நாள் மதியம் சூடு தாங்காமல் உள்கல் உருகித் தென்பக்கம் சரிந்து, அருகில் லாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்த ரஃபீக் மேல் விழுந்தது. அருணாச்சலம் வெறுங்கையால் கல்லை விலக்கி அவரை இழுத்தார். அதில் அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. நான் தண்ணீர் டிரம்மைப் பிடித்தபடியே நின்றேன். ரஃபீக் மறுநாள் இறந்தார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அருணாச்சலம் திருவண்ணாமலையிலிருந்து வந்து எட்டு மாதம்தான், தமிழைத் தவிர வேறு தெரியாது. ஆகையால் நடுவில் நின்று மாற்றிச் சொன்னது நான். கரித்தூள் எவ்வளவு போட்டாய் என்று அதிகாரி கேட்டார். அருணாச்சலம், "முழுசாத்தான் சார் போட்டேன். வேணாம்னு சொன்னேன், அக்காதான் போடச் சொன்னாங்க" என்றார். நான் மராத்தியில், யாரையும் கேட்காமல் தானாகவே போட்டுவிட்டதாகச் சொல்கிறார் என்றேன். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். கைகளில் கட்டு இருந்ததால் இடது கால் பெருவிரலில் ரேகை எடுத்தார்கள். மை தடவும்போது அந்தக் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

நேற்று கஞ்சி எடுத்துக்கொண்டு அருணாச்சலத்தைப் பார்க்கப் போனேன். அவர் தேறியதும் கைது செய்வதற்காக வாசலில் காவலர் உட்கார்ந்திருந்தார். அது எதற்கென்று அருணாச்சலத்துக்கு இன்னும் தெரியாது. நான் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர், "நீங்க கூட நின்னதாலதாங்க்கா தப்பிச்சேன். இல்லனா பாஷை தெரியாத ஊருல என்ன எழுதியிருப்பாங்களோ" என்றார். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

கரித்தூளைக் கூட்டியது நான். டீச்சரின் கலவையில் குற்றமில்லை. அருணாச்சலம் தடுத்தார், நான் கேட்கவில்லை.

நான் தமிழில் சொன்னதைக் காவலர் சிரில் தமிழிலும் மராத்தியிலும் எழுதி, இரண்டையும் வாசித்துக் காட்டக் கேட்டேன். இரண்டிலும் இருப்பது ஒன்றே. அத்தனையும் மெய்.

(ஒப்பம்) ருக்கையா