அக்கா போட்ட அம்பு

மேப்பிள் பலகையை ஈரத்துணியால் துடைத்துப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது, ஐயா. காய்ந்திருக்கும்போது அது வெறும் வெளிறிய பலகைதான். ஈரம் பட்டதும் உள்ளே ஓடும் அலைகள் எழுந்து வரும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் அந்த அழகு இழைப்பவர் உயிரை வாங்கிவிடும். அலையோடும் இடத்தில் நார் ஓரிடத்தில் மேலே ஏறும், ஒரு விரற்கடை தள்ளிக் கீழே இறங்கும். அதன் போக்கில் தள்ளினால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்துத் தள்ளினால் கத்தி மரத்தைப் பிய்த்து எறியும்.

எங்கள் பட்டறையில் இரண்டே பேர், நானும் தம்பியும். அப்பா அம்மா போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு ஒன்பது. அதற்குப் பிறகு என் கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் நேரம் இருக்கவில்லை.

நாரைப் படிப்பது என் வேலை. பழைய பனியன் துணியால் பலகையைத் தடவுவேன். எந்தப் பக்கம் தடவும்போது நூல் சிக்குகிறது என்று பார்த்து, எப்படித் தள்ள வேண்டும் என்று சாக்கட்டியால் அம்பு போடுவேன். இழைப்பு இயந்திரத்தில் தள்ளுவது அவன். பலகைக்கு அடியில் கத்தி சுற்றும், பலகைக்கு மேலே அவன் கை இருக்கும். “அக்கா அம்பு போட்டா நான் கண்ண மூடிக்கிட்டுத் தள்ளுவேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பான். கேட்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். வேறு ஊரில் கிட்டார் செய்கிற பெரிய பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

“மாசம் ஒரு தடவ வந்துடுவேன்க்கா. நீயும் எவ்வளவு நாள்தான் எனக்கே உழைப்ப?”

“நல்லதுடா, போயிட்டு வா” என்றேன். அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சிநேகிதர்களோடு வெளியே போய்விடுவான். அப்போது நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பட்டறையைத் திறந்து, தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இழைக்க ஒன்றும் இருக்காது. ஏதாவது ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான். சில நாள் அதோடு பேசியும் இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாளையே என்னால் ஓட்ட முடியவில்லை. மாதத்தில் இருபத்தொன்பது நாளை எப்படி ஓட்டுவது? பயமாக இருந்தது, ஐயா.

அவன் கிளம்புவதற்கு நான்கு நாள் இருந்தது. மிச்சப் பலகைகளைக் கிளறி, இருந்ததிலேயே நன்றாக அலையோடிய மேப்பிள் துண்டு ஒன்றை எடுத்துவந்தான். ஒரு முழம்கூட இருக்காது.

“உனக்கு ஒரு பெட்டி செய்யுறேன்னு நேத்து சொன்னேன்லக்கா, இன்னிக்குச் செஞ்சிடுறேன். அம்பு போட்டுக் குடு.”

துடைத்தேன், தடவினேன், அம்பு போட்டேன்.

இந்த மாதிரி மரத்தில் எந்தப் பக்கம் சரி என்று எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் விபத்து என்று எழுதினார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆனால் அந்தத் துண்டில் நூல் சிக்கிய பக்கம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தேதான் மாற்றிப் போட்டேன். கத்தியின் ஆழத்தையும் காலையிலேயே கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன். சின்னத் துண்டைக் கையால் தள்ளாதே, கட்டையை வைத்துத் தள்ளு என்று தினமும் அவனைத் திட்டுவேன். அன்றைக்குத் திட்டவில்லை.

பலகை துள்ளியது, கை இறங்கியது. வலது கையில் மூன்று விரல்கள். நான் பதறவில்லை. சுத்தமான துணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாடகை வண்டியையும் முன்னாலேயே வரச் சொல்லி வாசலில் நிறுத்தியிருந்தேன். ரத்தம் நிறையப் போய்விடக் கூடாது அல்லவா? அவனைக் கொல்லப் பார்த்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் வளர்த்த பிள்ளை அவன்.

விபத்து என்று முடிந்துபோனதற்கு இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். அவன் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். “அக்கா சரியாத்தான் அம்பு போட்டாங்க, நான்தான் அவசரத்துல மாத்தித் தள்ளிட்டேன்” என்று சொல்லியிருக்கிறான். அது பொய், ஐயா. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் அம்பை அவன் மீறியதில்லை. மீறினான் என்று காகிதத்தில் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. பாருங்கள், எவ்வளவு பாசம். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும், தன் துணிமணிகளைச் சிநேகிதன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னதும் வலியில் செய்தவை. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுங்கள், ஐயா. நாளைக் காலையில் அவனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். சட்டைப் பொத்தானை அவனால் தனியாகப் போட முடியாது, நான்தான் போக வேண்டும்.